சருகு என்று தாண்டிப் போனது லைக்கன்

மேற்கு ஸ்காட்லாந்தில் மரக் கணக்கெடுப்பு என் வேலை. பாதையை அகலப்படுத்தவோ காட்டோரம் வீடு கட்டவோ யாராவது அனுமதி கேட்டால், எந்த மரத்தில் என்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பத்து நாளாக மழையே இல்லாத ஒரு மே மாதத்தில், கிழட்டு ஆஷ் மரம் ஒன்றில் பழுப்புக் காகிதம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, போன வருஷத்துச் சருகு என்று தாண்டிப் போய்விட்டேன். மறு வாரம் மழை பெய்து ஓய்ந்ததும், மறந்து வைத்த அளவுநாடாவை எடுக்க அதே வழியாகப் போனால் மரம் முழுக்கப் பச்சைப் பசேலென்று இலை இலையாக! லொபேரியா புல்மொனேரியா. பூஞ்சையும் பாசியும் ஒட்டி ஒன்றாக வாழும் உயிரைத்தான் லைக்கன் என்கிறோம்; இதை நுரையீரல் லைக்கன் என்று சொல்லலாம். அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். நல்லவேளை, அதற்குள் யாரும் கோடரியை எடுக்கவில்லை.

அதிலிருந்து பையில் தண்ணீர் தெளிப்பான் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. நனைந்ததும் மேல்தோல் கண்ணாடி போலாகி உள்ளிருக்கும் பாசியின் பச்சை தெரிந்துவிடும். அப்புறம் மேல்பரப்பைப் பாருங்கள்: வலை போல மேடுகள், நடுவே குழிகள். கறிக்கடையில் நுரையீரலைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் உடனே புரியும். அந்த ஒற்றுமையை நம்பித்தான் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதை நெஞ்சுச் சளிக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். மேட்டின் முகட்டிலும் ஓரத்திலும் அரிசிமாவு தூவியது போலப் பொடி இருக்கும், இது புதிய இடத்தில் முளைப்பது பெரும்பாலும் அந்தத் துகள்களிலிருந்துதான். ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கினால் அடியில் பழுப்புப் பூனைமுடி, இடையிடையே முடியில்லாத வெளிறிய புடைப்புகள். மேலே குழி இருக்கும் இடத்தில் கீழே புடைப்பு. வேதிச் சோதனையெல்லாம் வேண்டாம், பத்து மடங்கு லென்ஸ் போதும்.

குழப்புகிற சொந்தக்காரர்களும் உண்டு. மேடு பள்ளமில்லாமல் வழவழவென்று பச்சையாக இருந்தால் அது ரிக்கசோலியா வைரன்ஸ். நனைத்தும் நீலச்சாம்பலாகவே நின்றால் லொபரினா. பக்கத்து மரத்திலேயே நம்ம ஊர்க் கல்பாசியும் இருக்கலாம், செட்டிநாட்டுக் குழம்பில் போடும் அதே இனம்தான். மேலே சாம்பல், அடியில் கறுப்பு என்பதால் அதில் குழப்பமே வராது.

நுரையீரல் லைக்கன் அரிதானது. ஏன்? ஒரு பூஞ்சை, ஒரு பச்சைப்பாசி, நாஸ்டாக் என்ற நீலப்பச்சை நுண்ணுயிரி என்று மூன்று பேர் நடத்தும் கூட்டுக் குடும்பம் இது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நாஸ்டாக்குக்கு அமிலம் ஆகாது. நிலக்கரிப் புகையின் கந்தகம் மரப்பட்டையைப் புளிக்க வைத்ததில், இங்கிலாந்தின் சமவெளிகளில் இது கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் போன இடத்துக்குச் சுலபமாகத் திரும்பி வராது. போதாக்குறைக்கு, 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஒன்று ஆஷ் மரங்களையே சாய்த்துக்கொண்டிருக்கிறது.

பார்த்தால் பிய்க்காதீர்கள், தயவுசெய்து. உள்ளங்கை அகலத் துண்டுக்குப் பின்னால் பல வருஷ வளர்ச்சி இருக்கிறது. காய்ந்தபடி ஒரு படம், நனைத்து ஒரு படம், அடிப்பக்கம் ஒன்று, அளவுக்கு ஒரு நாணயம், மரத்தின் பெயர், இடம். எனக்கு இவ்வளவு கிடைத்தால் போதும். கையில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் புயலுக்கு மறுநாள் போங்கள், முறிந்த கிளையோடு தரையில் கிடக்கும்.