மோட்டார் புதிது, பில் மட்டும் ஏன் குறையவில்லை?

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (ஆலைக்குள் ஈரக் காற்று அனுப்பும் அமைப்பு) ஃபேனில் இருந்த 15 கிலோவாட் ஐஈ1 மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐஈ3 போட்டோம். யூனிட் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. ஏமாந்துவிட்டோமா சார்?"

இல்லை. ஐஈ என்பது மோட்டாரின் சிக்கனத் தர வரிசை, எண் கூடினால் மின்சாரம் வீணாவது குறைவு. இந்த அளவு 4 துருவ மோட்டாரில் ஐஈ1-இன் செயல்திறன் 88.7 சதவீதம், ஐஈ3-க்கு 92.1. அதே வேலைக்கு மின்சாரம் 3.7 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் ஃபேன் இப்போது கூடுதல் வேலை செய்கிறது.

இரண்டு மோட்டாரிலும் நேம்பிளேட் மேல் படிந்த பஞ்சைத் துடைத்துவிட்டு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். பழையதில் 1440, புதியதில் 1465 என்பது போல இருக்கும்.

இந்த மோட்டாரில், 50 ஹெர்ட்ஸில், அசையாத வெளிப்பகுதியான ஸ்டேட்டரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. உள்ளே சுழலும் ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டே ஓடும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டரின் அலுமினியக் கம்பிகளைப் புலம் வெட்டாது, மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவையே இருக்காது. இந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். இதன் கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும்: 1500-க்கு 60 சுற்று பின்தங்கினால் ஸ்லிப் 4 சதவீதம். ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவில் உள்ள காற்றிடைவெளியைத் தாண்டி ரோட்டருக்கு வரும் சக்தியில் சரியாக அதே 4 சதவீதம் கம்பிகளில் சூடாகப் போகிறது. மோட்டாரைப் பிரிக்காமல், சுற்று வேகம் அளக்கும் ஒரு டேக்கோமீட்டரை வைத்தே உள்ளே நடக்கும் இழப்பைப் படித்துவிடலாம்! ஐஈ3-இல் ரோட்டரின் மின்தடை குறைவு. அதனால் ஸ்லிப் குறைவு, வேகம் அதிகம்.

சரி, வேகம் கூடினால் என்ன? ஃபேன் தள்ளும் காற்று வேகத்தோடு ஏறும், அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டையும் பெருக்கினால் சக்தி கன மடங்காக ஏறுகிறது. வேகம் 1.7 சதவீதம்தான் கூடியது, சுமை 5.3 சதவீதம் கூடிவிட்டது. மிச்சமானதும் போய், பில்லில் 1.4 சதவீதம் அதிகம்.

பெல்ட் டிரைவ் என்றால் வழி சுலபம். மோட்டார் பக்கம் 200 மில்லிமீட்டர் புல்லி இருந்தால் 197-க்கு மாற்றுங்கள். ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிடும். நேரடி இணைப்பு என்றால் விஎஃப்டி (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) போட்டு ஹெர்ட்ஸைக் குறைக்கலாம். ஆனால் விஎஃப்டியும் தன் பங்குக்குக் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். முழுச்சுமையில் வருடம் 8000 மணி நேரம் ஓடும் மோட்டாரில் அந்த 3.7 சதவீதம் ஏறக்குறைய 5000 யூனிட்.

மோட்டாருக்கு இவ்வளவு செலவு செய்யும் ஆலைகள் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு டேக்கோமீட்டர் வாங்கித் தரத் தயங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. புல்லி மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் அடுத்த மாத பில்லை எனக்கு அனுப்புங்கள்.