வசதியான ஊர் என்று எழுதுமுன் லயத்தையும் எண்ணுங்கள்

சென்ற மாதப் பொதுமக்கள் தினத்தன்று, மழையில் நனையாதபடி பொலித்தீன் உறையில் சுற்றிக் கொண்டுவந்த கடிதமொன்றை என் மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்ற ஒரு தாய், "மிஸ், நாங்க பணக்கார ஊருல இருக்கோமாம், அதனால பிள்ளைக்குக் குடுக்க ஏலாதாம்" என்றார். அவருடைய மகள் உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவள். தனியார் உதவி நிதியமொன்றுக்கு அவள் அனுப்பிய விண்ணப்பம், "விண்ணப்பதாரி வதியும் கிராம உத்தியோகத்தர் பிரிவின் சராசரிக் குடும்ப வருமானம் எமது எல்லைக்கு மேற்பட்டதாகும்" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்திருந்தது. அந்தச் சராசரி வேறெங்கிருந்தும் போகவில்லை. எங்களைப் போன்ற பிரதேச செயலகங்கள் ஆண்டுதோறும் தயாரிக்கும் கிராம விபரத்திரட்டிலிருந்துதான் போயிருக்கிறது. இந்த ஆண்டில் என்னிடம் வந்த மூன்றாவது கடிதம் இது. மூன்றும் ஒரே ஊரிலிருந்து, ஒரே லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளிலிருந்து வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஊரின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. கண்டி மாநகர எல்லையைத் தாண்டியதும் மேட்டுப்பாங்கான நிலத்தில் வரும் சிறிய ஊர் அது. மேல் வீதியில் மதில் கட்டிய மாடி வீடுகளும், ஓய்வுபெற்ற வைத்தியர்கள், பொறியியலாளர்கள், வங்கி முகாமையாளர்கள் ஆகியோரின் இல்லங்களும், வார இறுதியில் மட்டும் விளக்கெரியும் விடுமுறை வீடுகளும், சில விருந்தினர் விடுதிகளும் உள்ளன. அந்த வீதி முடியுமிடத்தில் கற்படிகளில் இறங்கினால், தோட்டக் காலத்து லயன்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. 10 அடிக்கு 12 அடிக் காம்பிராக்கள், முன்னால் ஓர் இஸ்தோப்பு, லயத்துக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் ஒரே கிராம உத்தியோகத்தர். விபரத்திரட்டிலும் அவர்களுக்கு ஒரே பக்கந்தான்.

ஊர் இப்படி ஆன கதை மலையகத்தில் பல இடங்களுக்குப் பொருந்தும். தேயிலை மலை துண்டு துண்டாக, பேர்ச்சஸ் கணக்கில், வீடு கட்டும் காணியாக விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். விற்கப்படாமல் எஞ்சிய சில ஏக்கரும் லயன்களும் பழைய நிலையிலேயே தங்கிவிட்டன. இதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் உண்டு. நமது தொகைமதிப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், 10 பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டமே தோட்டத்துறை எனக் கொள்ளப்படுகிறது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது நகரம். மற்ற அனைத்தும் கிராமம். ஆகவே மாநகர எல்லைக்கு ஒரு முழம் வெளியே உள்ள இந்தச் செல்வந்தப் புறநகரும் கிராமம், தோட்டம் சுருங்கியதால் தோட்டமல்லாமற்போன அந்த லயனும் கிராமம். லயத்துக் குடும்பங்களின் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. அவர்கள் எண்ணப்படும் நிரல் மட்டும் மாறிவிட்டது. தோட்டத்துறைக்கென வரும் திட்டங்களில் அவர்கள் இல்லை, வறிய கிராமங்களுக்கென வரும் திட்டங்களிலும் ஊரின் சராசரி அவர்களை உள்ளே விடுவதில்லை.

இந்தச் சராசரி என்ற சொல்லைப் பற்றிச் சற்று நீளமாகவே பேச விரும்புகிறேன், ஏனெனில் படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் பணம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் ஒருவர் விடாமல் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். 20 குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 4 குடும்பங்களுக்கு மாதம் 600,000 ரூபாய் வருமானம். மற்ற 16 குடும்பங்களுக்கும் மாதம் 45,000 ரூபாய். மொத்தம் 3,120,000 ரூபாய். அதை 20 ஆல் வகுத்தால் 156,000 ரூபாய் வரும். இந்த 156,000 ரூபாயைச் சம்பாதிக்கும் குடும்பம் அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. மேலே உள்ளவர்கள் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பெறுகிறார்கள், கீழே உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறுவதில்லை. ஆனால் விபரத்திரட்டில் ஏறுவது அந்த ஓர் எண்தான். அதே 20 வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் வீட்டைக் கேட்டால் 45,000 ரூபாய் என்ற விடை கிடைக்கும். சாதாரண தரக் கணிதத்தில் இடை (சராசரி), இடையம் (வரிசையின் நடுவில் நிற்கும் எண்), ஆகாரம் (அதிக தடவை வரும் எண்) என்று மூன்றையும் எல்லோரும் படித்திருக்கிறோம். அலுவலகக் கதிரையில் உட்கார்ந்ததும் இடை ஒன்றே நினைவில் நிற்கிறது.

இது நான் கற்பனை செய்யும் சிறு ஊருக்கு மட்டும் உரியதன்று. 2019 ஆம் ஆண்டின் வீட்டலகு வருமான, செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். இடைய வருமானமோ 53,333 ரூபாய். அதாவது நாட்டின் சரிபாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாய்க்கு மேல் காணவில்லை. துறைவாரியாகப் பார்த்தால் நகரக் குடும்பத்தின் சராசரி 116,670 ரூபாய், கிராமத்தில் 69,517 ரூபாய், தோட்டத்தில் 46,865 ரூபாய். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த ரூபாயின் பெறுமதி என்னவாயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாடளவில் 2 கோடிக்கு மேற்பட்ட மக்களைச் சேர்த்து எடுத்த கணக்கிலேயே இடைக்கும் இடையத்துக்கும் இவ்வளவு தூரம் என்றால், சில நூறு குடும்பங்கள் மட்டுமே உள்ள பிரிவில் பத்துப் பெரிய வீடுகள் எண்களை எவ்வளவு இழுத்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள்.

வயதுக் கணக்கும் இதே போலத்தான் ஏமாற்றுகிறது. மேல் வீதி வீடுகளில் பெரும்பாலும் இருவரே இருக்கிறார்கள், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் மெல்பர்னிலோ டொரன்டோவிலோ இருக்கிறார்கள். லயத்தில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்; இடையில் இருக்க வேண்டிய தலைமுறை கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால், உழைக்கும் வயதினர் நிறைந்த ஓர் ஊரைப் போன்ற சராசரி வயது கிடைக்கும். உண்மையில் அந்த வயதினர் மிகக் குறைவாக உள்ள ஊர் அது. அந்த எண்ணை வைத்து முதியோர் பராமரிப்பையும் முன்பள்ளியையும் திட்டமிட்டால் இரண்டுமே பிழைக்கும்.

தொழில் நிரலிலும் கவனம் தேவை. தொழிற்படை ஆய்வின் வரைவிலக்கணப்படி, குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் தொழிலுள்ளவர். வாரத்தில் மூன்று நாள் கொழுந்தெடுத்து, நிறை குறைந்த நாளில் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) வாங்கி, மீதி நாட்களில் மேல் வீதி வீடொன்றில் சமையல் செய்யும் அந்தத் தாயும் தொழிலுள்ளவர்தான். இதனால்தான் தோட்டப் பகுதிகளில் வேலையின்மை பெரிதாகத் தெரியாமலேயே வறுமை உச்சத்தில் இருக்கிறது. 2019 இல் நாட்டின் வறியோர் வீதம் 14.3 ஆக இருந்தபோது தோட்டத்துறையில் 33.8 ஆக இருந்தது. "வேலையில்லாதவர்கள் மிகக் குறைவு" என்று விபரத்திரட்டில் எழுதி மகிழ்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, எண்ணப்பட மறுப்பவர்களைப் பற்றி. மேல் வீதியில் வாயிற்கதவைத் திறக்க மாட்டார்கள். "வருமானம் கேட்க நீங்கள் யார்?" என்று மதிலுக்கு உள்ளிருந்தே குரல் வரும். வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்ணைப் பற்றிக் கேட்டால், "அவள் ஊர்ப்பிள்ளை, அவளுக்குத் தோட்டத்தில் பதிவு இருக்கிறது" என்பார்கள். தோட்டத்திலோ, "அவ பங்களாவுல இருக்கா" என்று விட்டுவிடுவார்கள். இப்படி இரண்டு பட்டியலிலும் இல்லாத பெண்களை நான் கையால் எண்ணிச் சேர்த்திருக்கிறேன். வழக்கமாக எங்கே உறங்குகிறாரோ அங்கே அவர் எண்ணப்பட வேண்டும், அவ்வளவுதான் விதி. கீழே லயத்தில் வேறொரு அச்சம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வெட்டுப்படும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தொகைமதிப்பில் சொல்லும் தனிப்பட்ட விபரம் சட்டப்படி இரகசியமானது. அஸ்வெசுமவுக்கான தகவல் வேறு சபை வேறாகச் சேகரிப்பது. அது கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலியவற்றில் 22 குறிகாட்டிகளைக் குடும்பம் குடும்பமாகப் பார்ப்பது. ஊர் வசதியான ஊராகப் பதிவானதால் உங்கள் அஸ்வெசும போகாது. ஆனால் நீங்கள் மறைக்கும் ஆளும் மறைக்கும் நோயும் உங்கள் தேவையையே குறைத்துக் காட்டும். அதைப் புரிந்துகொள்ளுங்கள் அம்மா, ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன்.

எண்ணிக்கை உதவித்தொகைக்கு மட்டும் தேவைப்படுவதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியபோது, எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்ற கேள்விக்கு நாளுக்கு நாள் வேறு வேறு விடை வந்ததை இந்தத் துறையில் உள்ள எவரும் மறக்கவில்லை. மண்ணைத் தோண்டுபவனுக்கு எத்தனை பேரைத் தேடுவதென்று தெரிய வேண்டும். சாய்வு நிலத்தில் மாடி வீடும் லயமும் ஒன்றாக நிற்கும் ஊரில், தனித்து வாழும் முதியவர் எந்த வீட்டில், எத்தனை குழந்தைகள் எந்தக் காம்பிராவில் என்ற பட்டியல் கிராம உத்தியோகத்தரின் கையில் மட்டுமன்றி, பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதியாக இருக்க வேண்டும்.

என் சக உத்தியோகத்தர்களுக்குச் சொல்கிறேன்: சென்ற ஆண்டுத் திரட்டைத் திறந்து திகதியை மட்டும் மாற்றாதீர்கள். வருமான நிரலில் இடையத்தையும் எழுதுங்கள். இடமில்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள். லயத்துக் குடும்பங்கள் எந்தத் துறைக்குள் விழுந்தாலும், அவற்றுக்கெனத் தனிப் பக்கம் ஒன்றை இணையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சுவர், தரை, கூரை ஆகியவற்றின் பொருளைப் பார்த்து "நிரந்தர வீடு" என்று அடையாளமிடும்போது, கல்லுச் சுவரும் தகரக் கூரையும் உள்ள காம்பிராவும் அதே பிரிவில் விழும் என்பதை நினைவிற் கொண்டு, எத்தனை பேர் அதில் உறங்குகிறார்கள் என்பதையும் குறியுங்கள். பிரதேச சபையின் பணம் தோட்டத்துக்குச் செல்ல முடியாது என்ற பழைய பதிலையும் இனிமேல் சொல்லாதீர்கள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. லயத்துப் படிக்கட்டும் தண்ணீர்ப் பீலியும் இப்போது கேட்கப்படக்கூடியவை.

உதவி வழங்கும் நிதியங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் வறுமையை ஊரின் சராசரியைக் கொண்டு அளக்காதீர்கள். குடும்பத்தின் சம்பளச் சிட்டையைக் கேளுங்கள், முடிந்தால் ஒரு முறை கற்படிகளில் இறங்கி வந்து பாருங்கள். மேல் வீதியில் இருப்பவர்களும் கதவைத் திறந்து, வெளிநாட்டுப் பணம் உட்பட உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் பதில் விடுபட்டாலும் மிகைப்பட்டாலும் அதன் பாரம் கீழே உள்ளவர்கள் மேல்தான் இறங்குகிறது.

அந்தத் தாயின் கடிதத்துக்குப் பதிலாக, கிராம உத்தியோகத்தரும் நானும் லயத்தின் அத்தனை குடும்பங்களையும் இரண்டு மாலைகளில் வீடு வீடாகப் பதிந்து, இடைய வருமானத்தைக் கணித்து, பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு மேன்முறையீடு ஒன்றை அனுப்பியிருக்கிறோம். முன்பு மறுக்கப்பட்ட மற்ற இரு பிள்ளைகளின் பெயர்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். இதே நிலையில் உள்ளவர்கள் மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல், அதையும் சம்பளச் சிட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச செயலகத்துக்குப் பொதுமக்கள் தினத்தன்று வாருங்கள்.