சம விசைகள் அல்ல, சமன்பட்ட விசைகள்

ஒரு பொருளின்மேல் செயல்பட்டு ஒன்றன் விளைவை மற்றவை ஈடுசெய்துவிடும் விசைகளே ‘பேலன்ஸ்டு ஃபோர்சஸ்’. இதற்குச் ‘சம விசைகள்’ என்று எழுதுவது பாடக் காணொளி, வினாத்தாள், மொழிபெயர்த்த குறிப்பு என்று எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. இது வெறும் சொல்தேர்வுக் குறை அல்ல. இயற்பியலையே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது.

‘பேலன்ஸ்’ லத்தீனிலிருந்து வந்தது; இரண்டு தட்டு கொண்ட தராசு என்று பொருள். தமிழுக்கும் அந்தத் தராசு புதிதல்ல. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது 118ஆம் குறள். சமன் என்பது எப்பக்கமும் சாயாத நிலை. சமம் என்பது அளவு ஒத்திருப்பது. வேர் ஒன்றுதான், வேலை வேறு.

3 நியூட்டன் கிழக்கே, 4 நியூட்டன் வடக்கே இழுக்க, அவ்விரண்டின் தொகுபயனுக்கு நேர் எதிராக 5 நியூட்டன் இழுக்கட்டும். நிகர விசை, அதாவது எல்லா விசைகளின் கூட்டுப் பயன், சுழி (பூஜ்யம்). இந்த மூன்றில் எந்த இரண்டும் சமமில்லை, ஆனாலும் சமன்பட்டவை. மாறாக, 10 நியூட்டன் விசைகள் இரண்டு ஒரே திசையில் இழுத்தால் நிகர விசை 20. செங்குத்தாக இழுத்தால் சுமார் 14.1. சமமான விசைகள்தாம், சமன்படவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லும் விசையும் எதிர்விசையும் சமம், எதிரெதிர். ஆனால் வெவ்வேறு பொருள்கள்மேல் செயல்படுவதால் ஒன்றையொன்று சமன்செய்வதே இல்லை. ‘சம விசைகள்’ என்று படித்த மாணவர் சமன்பட்ட விசைகளையும் இந்த விசை-எதிர்விசை இணையையும் குழப்பிக்கொண்டால் குற்றம் அவருடையதல்ல.

‘சமநிலை விசைகள்’ என்பாரும் உண்டு. அதுவும் ஒட்டவில்லை. சமநிலை பொருளுக்கு உரியது, விசைக்கு அல்ல. ஓர் அளவுகோலின் இரு முனைகளையும் நீளத்துக்குக் குறுக்காக, எதிரெதிர்த் திசையில், சம விசையால் தள்ளிப் பாருங்கள். நிகர விசை சுழி, கோலோ சுழலும். அங்கே சமநிலை எங்கே?

உராய்வைச் சேர்த்துப் பார்த்தால்தான் ‘சமன்பட்ட’ என்ற சொல்லின் அருமை தெரியும். தரையில் 5 கிலோகிராம் பெட்டி. எடை 49 நியூட்டன். நகராத பெட்டிக்கான நிலை உராய்வுக் குணகம் 0.4 என்றால், அதாவது உராய்வு எடையில் 0.4 பங்குவரை போகலாம் என்றால், உராய்வின் உச்சம் 19.6 நியூட்டன். பெட்டியை 10 நியூட்டனால் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 19.6 என்று எழுதுவோர் ஏராளம். விடை 10. தள்ளலை 15 ஆக்கினால் உராய்வும் 15 ஆகும். தள்ளலுக்கு ஈடாக வளர்ந்து சமன்செய்வதுதான் நிலை உராய்வின் இயல்பு. உச்சத்தைத் தாண்டியதும் பெட்டி நகரும். நகரும் பெட்டிக்கான இயக்க உராய்வுக் குணகம் 0.3 என்றால் உராய்வு 14.7 நியூட்டனுக்கு இறங்கும். அப்போது தள்ளலையும் 14.7 ஆகக் குறைத்தால் பெட்டி நிற்காது. சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடும் பொருளின்மேலும் விசைகள் சமன்பட்டிருக்கலாம்.

உராய்வுக்குத் ‘தேய்மானம்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். உராய்வு விசை, தேய்மானம் அதனால் வரும் விளைவு. தள்ளியும் நகராத பெட்டியின் அடியிலும் உராய்வு உண்டு, அங்கே எதுவும் தேயவில்லை.

‘சம’ வடசொல், ‘நிகர் விசைகள்’ என்று வைத்தாலென்ன என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கக்கூடும். ஆசை நியாயமானது. ஆனால் ‘நிகர விசை’ ஏற்கெனவே எல்லா விசைகளின் கூட்டுப் பயனுக்கு நிலைத்துவிட்டது. ஓர் எழுத்து வேறுபாட்டில் இரண்டு கருத்துகளை வைத்தால் தேர்வறையில் விபத்துதான்.

‘சமன்செய்யப்பட்ட விசைகள்’ பிழையற்றது, நீளம்தான் இடிக்கிறது. ‘சமன்பட்ட’ சுருக்கமாக அதே வேலையைச் செய்கிறது. எதிர்ச்சொல் ‘சமன்படாத விசைகள்’; ‘சமமற்ற விசைகள்’ அல்ல. மேலே சொன்ன 3, 4, 5 நியூட்டன் விசைகள் சமமற்றவைதாம், ஆனாலும் சமன்பட்டவை. மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு அம்புக்குறிப் படம் ஒன்றை வரைந்து பார்த்திருந்தால் ‘சம விசைகள்’ என்று எழுதியே இருக்கமாட்டார்.