சர்க்கரைக்கு இன்னொரு கதவு

சித்தப்பா லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம். "பார்டர்லதான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

எனக்குக் கவலை தந்தது அந்தப் 'பார்டர்'தான். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் முன்நீரிழிவு என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், அதைவிட அதிகமாக 13 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்நீரிழிவும் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் பலர் 'பார்டர்' என்றால் இன்னும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், பார்த்துக்கொள்ள வேண்டிய நேரமே இதுதான் என்பது புரியும்.

நம் உடம்பில் ஓடும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக இருக்கும் சர்க்கரை 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன். மதியம் 200 கிராம் சோறு சாப்பிட்டால் அதில் மட்டும் 55 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். அத்தனையும் சர்க்கரையாகி ரத்தத்திலேயே தங்கினால் அளவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குள் இருக்கிறது. மீதி எங்கே போனது?

ஒரு பங்கைக் கல்லீரல் எடுத்து வைத்துக்கொள்கிறது. மூளை தன் பங்கை எரித்துவிடுகிறது. ஆனால் பெரிய கிடங்கு நம் தசைகள்தான். கல்லீரலில் 100 கிராம் அளவுக்குச் சேர்த்து வைக்கலாம் என்றால், தொடை, முதுகு, கெண்டைக்கால் என்று எல்லாத் தசைகளிலும் சேர்த்து 400 கிராம் வரை சேர்த்து வைக்கலாம்.

தசைச் செல்லுக்குள் சர்க்கரையால் தானாக நுழைய முடியாது. குளூட் 4 என்ற புரதம்தான் அதற்குக் கதவு. இந்தக் கதவுகள் சுவரில் எப்போதும் பொருத்தப்பட்டே இருப்பதில்லை. செல்லுக்குள்ளே நுண்ணிய பைகளில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். நாம் சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கும். அது செல்லின் வெளிச்சுவரில் வந்து தட்டும். அந்தச் சேதி உள்ளே ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகும். பைகள் நகர்ந்து வந்து கதவுகளைச் சுவரில் பதிக்கும். வேலை முடிந்து இன்சுலின் குறைந்ததும் கதவுகள் மறுபடியும் உள்ளே போய்விடும்.

பழுது ஆரம்பிப்பது, அந்தச் சேதி கைமாறும் இடத்தில். தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு தேங்கும்போது சேதி வழியிலேயே மங்கிவிடுகிறது. ஒரு தட்டலுக்குத் திறந்த கதவு இப்போது மூன்று தட்டல் கேட்கிறது. கணையமும் சலிக்காமல் மூன்று முறை தட்டுகிறது. அதனால் வருடா வருடம் டெஸ்ட் எடுத்தாலும் சர்க்கரை சரியாகத்தான் இருக்கும். வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை. வருடக்கணக்கில் இப்படிக் கூடுதல் வேலை பார்த்த கணையத்தால் ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் 112 போன்ற எண் தலைகாட்டுகிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கிய பெரிய நீரிழிவு ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட சமயத்திலேயே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் ஏறக்குறையப் பாதி போயிருந்தது.

சரி, சேதி போகும் வழி அடைத்துக்கொண்டால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

தசை சுருங்கும்போது அதற்குள் கால்சியம் வெளிப்படுகிறது. கையிருப்பு ஆற்றலும் கரைகிறது. இந்த இரண்டு மாற்றங்களுமே கதவுகளை வரவழைக்கப் போதும். இன்சுலின் தட்ட வேண்டியதில்லை, அடைபட்ட அந்த வழியும் தேவையில்லை. இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத தசைகூட, நடக்கும்போது சர்க்கரையை நன்றாகவே உள்வாங்குகிறது. நீரிழிவு வந்தவர்களிடமும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, அந்தத் தசை இன்சுலின் சொல்வதை முன்பைவிடக் கூர்மையாகக் கேட்கும். காலி செய்த கிடங்கை நிரப்ப வேண்டுமே!

நம்மவர்களுக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தைச் சேர்த்து வெளியிட்டது. ஒருவர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற உடம்பிலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. "நான் குண்டா இல்லையே, எனக்கு எப்படி சுகர் வரும்?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வும் இங்கே முக்கியம். முன்நீரிழிவு இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடைக்கும் உணவுக்கும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நடை, உணவோடு மாத்திரையையும் சேர்த்தபோது பலன் கூடவில்லை. 2006இல் வெளியான இந்த முடிவுகளில் என்னை யோசிக்க வைத்தது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான். 'ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையல' என்று நடையை நிறுத்துபவர்கள், தராசு காட்டாத வேலை ஒன்று உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது நடப்பது? எப்போது நடந்தாலும் நல்லதுதான், ஆனால் சாப்பிட்ட பிறகு நடப்பதற்குத் தனிப் பலன் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் சோதித்தார்கள். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். காரணம் எளிது. இரவில்தான் நிறையச் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்புறம், கிடங்கையும் கொஞ்சம் பெரிதாக்கலாம். மாடிப்படி ஏறுவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம், எல்லாமே தொடையின் பெரிய தசைகளுக்கு வேலை. இன்சுலின் ஊசியோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நடையும் மருந்தும் சேர்ந்து அளவை ஒரேயடியாக இறக்கிவிடலாம்.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்றால், சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் பொருள். மூன்று மாதச் சராசரி என்று அளப்பதே ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். சிவப்பணு சுமார் 120 நாளில் போய்ப் புதிது வந்துவிடும். ரத்தக் குழாய்ச் சுவரின் புரதங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை, ஒட்டியது அங்கேயே தங்கிக் குழாயைக் கெடுக்கிறது. கண், சிறுநீரகம், பாதத்து நரம்பு, மாரடைப்பு, பக்கவாதம் என்று அது கிளை விடுகிறது.

சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் முன்நீரிழிவு இருந்த 577 பேரோடு ஓர் ஆய்வு தொடங்கியது. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, ஆறே ஆண்டுகள். 30 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, அந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட நீரிழிவு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தள்ளி வந்திருந்தது. இதய, ரத்தக் குழாய் நோய்களால் இறப்பது 33 சதவீதம் குறைந்திருந்தது. ஆயுள் சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நீண்டிருந்தது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். கதவு, கிடங்கு கதையை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அவருக்கு அடுத்த டெஸ்ட் தை மாதம். இப்போதெல்லாம் ராத்திரி எட்டரைக்குப் போன் செய்தால் சித்திதான் எடுக்கிறார். "சாப்பிட்ட கையோட பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிருக்கார்ப்பா, வந்ததும் பேசச் சொல்றேன்."