பழைய மரத்துல பெஞ்ச் போடப் போறவங்க ரம்பத்த எடுக்குறதுக்கு முன்னாடி

"வீடு இடிச்ச மரம் கொஞ்சம் கெடக்குண்ணே, ஒரு பெஞ்ச் போட்ரலாமா?" இப்படி அடிக்கடி யாராவது போன் பண்றாங்க. நான் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி நீளம் அகலம் இல்ல, அந்த மரம் இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுங்கறதுதான். கூரை உத்திரமா, கதவு நிலையா, தண்ணி பட்டுட்டே இருந்த சட்டமா, இல்ல எங்கயோ ரோட்டோரம் கெடந்ததா? பழைய மரத்து மேல எனக்கு தனி பிரியம் உண்டு, வைரம் பாய்ஞ்ச பெரிய மரத்துல அறுத்த கட்டையா இருந்தா காய வேண்டியது காய்ஞ்சு முறுக்க வேண்டியது முறுக்கி முடிச்சு நிதானமா இருக்கும். ஆனா பழைய வாழ்க்கைல எத பூசிக்கிச்சோ எத உறிஞ்சிச்சோ அதையும் கூடவே தூக்கிட்டுதான் நம்ம வீட்டுக்குள்ள வரும், அத யாரும் யோசிக்கறதில்ல.

பெயிண்ட்லருந்து ஆரம்பிக்கறேன், என்னை ரொம்ப பயமுறுத்துன விஷயம் அதுதான். ஒரு தம்பி பழைய ஜன்னல் பலகைய ஹால்லயே வெச்சு சாண்டிங் மெஷின் போட்டு தேய்ச்சுட்டு இருந்தாரு, நாலடி தள்ளி ஒரு வயசு கூட ஆகாத அவரோட பொண்ணு தரையில தவழ்ந்துட்டு இருக்கு, ரூம் பூரா பச்சைத்தூள். நான் போய் மெஷின ஆஃப் பண்ணேன். பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கும், அமெரிக்காவுலயே வீட்டு பெயிண்ட்ல ஈயத்தை 1978லதான் தடை பண்ணாங்க, பல நாடுகள்ல அதுக்கும் ரொம்ப லேட். குழந்தைங்க மூளைய நேரா பாதிக்கற விஷம் அது, இவ்ளோ போனா பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது. அதனால எப்போ அடிச்ச பெயிண்ட்னு தெரியலன்னா அந்த பலகைய உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, ஹீட் கன் வெச்சு உருக்காதீங்க, அடுப்புல போட்டு எரிக்கவும் செய்யாதீங்க. ஈயம் இருக்கான்னு பாக்க டெஸ்ட் கிட் கிடைக்குது. அதுவும் முடியலன்னா அந்த பலகைய விட்டுட்டு வேற மரம் பாருங்க, பெஞ்ச் எங்கயும் ஓடிடாது.

பச்சை கலந்த மங்கலான நிறத்துல சில மரம் வரும், அது செல்லரிக்காம இருக்க ஆர்சனிக், குரோமியம், செம்பு ஏத்தின மரமா இருக்கலாம், அதோட துண்டை எரிச்சா சாம்பல்ல ஆர்சனிக் தங்கிடும். ரயில் ஸ்லீப்பர் கட்டை பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா மரம் மக்காம இருக்க ஏத்தற கிரியோசோட்ங்கற தார் எண்ணெய் ஊறினது, வெயில் அடிச்சா கசியும், உக்கார்ற எடத்துக்கு அது ஆகவே ஆகாது. சரக்கு அடுக்கற பேலட் சட்டத்து மரம்னா அதுல குத்தியிருக்கற முத்திரைய பாருங்க. ஹெச்.டி. (HT)ன்னு இருந்தா மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ்ல 30 நிமிஷம் சூடு பண்ணதுன்னு அர்த்தம், எம்.பி. (MB)ன்னு இருந்தா பூச்சிய கொல்ல மெத்தில் புரோமைடுங்கற விஷப்புகை போட்டது, அத தொடாதீங்க. ஹெச்.டி. இருந்தாலும் மேல எண்ணெய் கறையோ கெமிக்கல் வாசனையோ இருந்தா வேணாம்.

அடுத்தது ஆணி. தலை ஒடிஞ்சு உள்ள புதைஞ்ச ஆணி கண்ணுக்கே தெரியாது, ரம்பத்துல பட்டா பல் தெறிச்சு முகத்துக்கு வரும். பலகைல நீலம் கலந்த கருப்பா ஒரு திட்டு இருந்தா அங்க சந்தேகப்படுங்க, மரத்துல இருக்கற டேனின்ங்கற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தா வர்ற கறை அது. காந்தம் வெச்சு தடவினா இரும்பு ஆணி மாட்டும், பித்தளை ஸ்க்ரூ மாட்டாது, அதுக்கு சின்ன மெட்டல் டிடெக்டர்தான் சரி. கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போடாம ஒரு அறுப்பு கூட வேணாம். அப்பறம் துணிய மூக்குல கட்டிக்கிட்டா போதும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, மரத்தூள் மூக்குக்குள்ள புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியாவே சொல்லியிருக்காங்க, என்-95 மாஸ்க்காவது போடுங்க.

உளுத்த மரமான்னு பாக்க பலகைய ஒரு வெள்ளை பேப்பர் மேல தட்டுங்க. டால்கம் பவுடர் மாதிரி மாவு கொட்டுச்சுன்னா உள்ள வண்டு இன்னும் வேலை பாத்துட்டு இருக்கலாம். ஓட்டையோட உட்பக்கம் கருத்து போயிருந்தா பெரும்பாலும் பழசு, வெளிர் நிறமா இருந்தா புதுசு. வெளிப்பக்க வெள்ளை மரத்துலதான் பெரும்பாலும் பிடிக்கும், அத மட்டும் சீவி எறிஞ்சா உள்ள வைரம் நல்லா இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்தினா பொசுக்குன்னு உள்ள போற எடத்த தயங்காம வெட்டி தள்ளிடுங்க.

இப்போ பெஞ்சுக்கு வருவோம். நான் ரிப்பேருக்கு பாக்கற பெஞ்சுல பலகை உடைஞ்சு வர்றது அபூர்வம், எல்லாமே பக்கவாட்டுல ஆடி ஆடி இணைப்பு விட்டு வர்றதுதான். பாரம் நேரா கீழ இறங்கறப்ப நாலு காலும் தாங்கும், ஆள் நகர்ந்து உக்காரும்போது வர்ற தள்ளலத்தான் தாங்காது. அதனால உக்கார்ற பலகைக்கு கீழ சுத்தி சட்டம், காலுக்கு நடுவுல குறுக்கு கட்டை, ரெண்டும் கண்டிப்பா வேணும். வெறும் ஸ்க்ரூவ நம்பாம ஒரு கட்டைல துளை போட்டு, இன்னொரு கட்டையோட முனைய நாக்கு மாதிரி செதுக்கி செருகுங்க, அந்த நாக்குக்கு பேருதான் கழுந்து, கழுந்தோட கனம் கட்டையோட கனத்துல மூணுல ஒரு பங்கு. பழைய ஆணி ஓட்டை இருக்கற எடத்துல இணைப்பு வரவே கூடாது. பசை போடற முகத்த அன்னிக்கே இழைப்புளி போட்டு இழைச்சிருக்கணும், வருஷக்கணக்கா அழுக்கும் காத்தும் பட்ட முகத்துல பசை ஒட்டின மாதிரி இருக்கும், பிடிக்காது.

பலகை கனத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கனம் ரெண்டு மடங்கானா வளையாம நிக்கற தெம்பு எட்டு மடங்காகும், அதே மாதிரி காலுக்கு கால் தூரம் ரெண்டு மடங்கானா தொய்வும் எட்டு மடங்கு. ஒன்றரை மீட்டர் பெஞ்சுக்கு நான் 40 மில்லிக்கு கொறைய போடறதில்ல. உயரம் 42லருந்து 45 சென்டிமீட்டர். காலை முனைலருந்து ரொம்ப உள்ள தள்ளி வெச்சா ஓரத்துல ஒருத்தர் உக்காந்ததும் மறுபக்கம் தூக்கிடும், வயசானவங்க விழுந்துடுவாங்க. மேல் பலகைய சட்டத்தோட இறுக்கி கட்டிடாதீங்க, ஈரம் ஏறினா மரம் அகலத்துல விரியும், ஸ்க்ரூ போற ஓட்டைய கொஞ்சம் நீளவாட்டமா போட்டு நகர எடம் விடுங்க, இல்லன்னா ஒரு மழைக்காலத்துல பலகை பொளந்துடும். வெளிய போடற பெஞ்சுன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, காலோட அடி முனைல எண்ணெய்யோ பசையோ நல்லா ஊறவிடுங்க, தண்ணி அங்கருந்துதான் உறிஞ்சும்.

ஆளி விதை எண்ணெய் பூசறவங்க கிட்ட ஒண்ணு கெஞ்சி கேட்டுக்கறேன். பூசி முடிச்ச துணிய உருட்டி மூலைல போடாதீங்க. அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டின துணில அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீ பிடிக்கும், தீக்குச்சியே வேணாம். எங்க பட்டறைல ஒரு தடவ மத்தியானம் போட்ட துணி சாயங்காலம் புகைய ஆரம்பிச்சுது, ஆள் இருந்ததால தப்பிச்சோம். துணிய ஒத்தையா விரிச்சு வெளிய எரியற பொருள் பக்கத்துல இல்லாம காயப்போடுங்க, இல்ல தண்ணி ஊத்தின தகர டப்பால போட்டு மூடி வைங்க, அத செஞ்சிட்டு அப்பறம் கை கழுவப் போங்க.