தலைச் சூப்பைக் கணக்கில் சேர்த்தீர்களா?

அமெரிக்காவின் வடமேற்கில் ஒரு பழங்குடி அரசின் கவுன்சில் கூட்டம். அவர்களுடைய ஆற்றுக்கான நீர்த்தர விதிகளின் வரைவை மேசைமேல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். பெரும்பகுதி பக்கத்து மாநிலத்தின் விதிகளைப் பார்த்து எழுதியது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: “சால்மன் தலையில் சூப்பு வைப்போமே, அது இந்தக் கணக்கில் இருக்கிறதா?”

இல்லை. சதைத் துண்டு மட்டும்தான் இருந்தது. மீன் தலையின் ருசி தெரிந்த ஊரிலிருந்து போன எனக்கே அது தோன்றவில்லை.

பழங்குடி என்றதும் நமக்கு நலத்துறையும் சலுகையும்தான் நினைவுக்கு வரும். அங்கே மத்திய அரசு அங்கீகரித்த 570-க்கும் மேற்பட்ட பழங்குடிகள் தனித்தனி அரசுகள். 1972-ம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தை 1987-ல் திருத்தியபோது, தகுதியைக் காட்டும் பழங்குடி அரசை ஒரு மாநிலத்துக்குச் சமமாக நடத்தலாம் என்று சேர்த்தார்கள். அதன் பலத்தைக் காட்டியது நியூ மெக்ஸிகோவில் உள்ள இஸ்லேட்டா பியூப்லோ என்ற பழங்குடி அரசு. ரியோ கிராண்டே ஆற்றில் ஆல்புகர்க்கி நகரம் சுத்திகரித்த கழிவுநீரை விடும் இடத்துக்குச் சுமார் 5 மைல் கீழே இருக்கிறது. ‘சடங்கின்போது ஆற்றில் மூழ்குவோம், தண்ணீர் வாய்க்குள் போகும், அதற்கேற்ற தரம் வேண்டும்’ என்று விதி எழுதி 1992-ல் ஒப்புதல் வாங்கினார்கள். நகரம் வழக்குப் போட்டது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நகரம் தோற்றது.

அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து மாநிலத்தின் விதியை அப்படியே நகலெடுத்தால் என்ன பயன்? நகலோடு அந்த மாநிலத்தின் சாப்பாடும் சேர்ந்து வந்துவிடும்.

பாதரசம் போன்றவை தண்ணீரில் துளியளவு இருந்தாலும் மீன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் மனிதர் எவ்வளவு மீன் சாப்பிடுகிறார் என்பதிலிருந்துதான் தண்ணீருக்கான வரம்பைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். பல ஆண்டுகள் அமெரிக்காவில் பொதுவாகப் புழங்கிய எண் நாளுக்கு 6.5 கிராம். அதாவது மாதத்துக்கு ஒரு வேளை மீன். அமெரிக்க வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றுப் படுகையின் நான்கு பழங்குடிகளிடம் எடுத்த கணக்கு 1994-ல் வெளிவந்தது. அங்கே பெரியவர்கள் சாப்பிட்டது சராசரியாக 58.7 கிராம், ஒன்பது மடங்கு! பழங்குடிகள் விடாமல் பேசிப் பேசி, 2011-ல் ஆரிகன் மாநிலம் 175 கிராமை ஏற்றது. எண் ஏறினால் வரம்பு இறுகும். ஆலைகளும் நகராட்சிகளும் அடுத்த முறை அனுமதியைப் புதுப்பிக்க வரும்போது அந்த வரம்புக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

பாட்டி கேட்ட பிறகு வரைவை ஓரம் வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு ஒரு படிவம் போட்டோம். தலை, தோல், முட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். எந்த மாதம், புதிதா புகை போட்டதா என்றும் கேட்டோம். கேட்கப் போனவர்கள் அந்த ஊர் இளைஞர்கள். தாள்கள் கவுன்சில் அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். நீங்களும் இந்த வேலையில் இருந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விதிகள் பொது ஆவணம், யாரும் படிக்கலாம். சடங்கு எங்கே, எப்போது என்று அதில் எழுதத் தேவையே இல்லை. தண்ணீர் உடம்பிலும் வாயிலும் படும் என்று சொன்னால் போதும்.

அப்புறம் இன்னொரு சிக்கல் வந்தது. இன்றைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் வருவது குறைந்துபோன எண். அணைகள் வந்து மீன் குறைந்தது. 1957-ல் கொலம்பியா ஆற்றின் டால்ஸ் அணையின் நீர் செலிலோ அருவியை மூடியபோது, எத்தனையோ தலைமுறைகள் மீன் பிடித்த இடமே மூழ்கியது. நஞ்சுக்குப் பயந்து பேரக்குழந்தைகளுக்கு மீன் தருவதைக் குறைத்த வீடுகளும் உண்டு. இந்த எண்ணை வைத்து விதி எழுதினால், அழுக்கான ஆறு தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அதனால் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தோம். சிறு வயதில் எவ்வளவு சாப்பிட்டீர்கள்? பயமில்லாமல் கிடைத்தால் இப்போது எவ்வளவு சாப்பிடுவீர்கள்? மூன்று எண்களையும், ஒவ்வொன்றும் எந்த வரம்பில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் ஒரே தாளில் எழுதி கவுன்சில் முன்னால் வைத்தேன். எந்த எண் என்பதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்.