டயஸ்போரா: ஆப்பிரிக்கர்களுக்குப் 'புலம்பெயர்ந்தோர்' பொருந்துமா?

'ஆப்பிரிக்கன் டயஸ்போரா ஸ்டடீஸ்' என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய மக்களைப் பற்றியது அது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

டயஸ்போரா கிரேக்கச் சொல். விதைபோல நாற்புறமும் தூவுதல் என்பது வேர்ப்பொருள். எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் யூதர்களின் சிதறலைக் குறிக்க அதைக் கையாண்டார்கள். ஆப்பிரிக்கர்களுக்கும் அது ஆய்வுச் சொல்லாக வேரூன்றியது 1960களில்தான். 1965இல் தான்சானியாவின் டார் எஸ் சலாமில் நடந்த வரலாற்றாளர் மாநாட்டில் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஷெப்பர்சன் அளித்த கட்டுரைக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

இந்தப் படிப்பு வகுப்பறைக்குள் வந்தது போராட்டத்தால். 1968 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர்கள் கறுப்பின ஆய்வுத் துறை கேட்டு வகுப்புகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது மறு ஆண்டு மார்ச் வரை நீடித்தது. அந்தத் துறை அப்படிப் பிறந்தது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகம் 1988இல் இத்துறையில் முனைவர் பட்டமும் தொடங்கியது.

'டயஸ்போரா' சேர்ந்ததும் பாடத்தின் எல்லை அமெரிக்காவைத் தாண்டியது. தாண்டத்தான் வேண்டும். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு கரைசேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. அவர்களில் ஏறத்தாழ 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். இன்றைய அமெரிக்காவுக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலை விட்டுவிட்டுப் படித்தால் பெரும்பகுதி கண்ணில் படாது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களின் ஆற்றுத் தெய்வம் யெமோஜா. அவள் பிரேசிலில் இமான்ஜா என்ற கடலன்னையாகிவிட்டாள். சால்வடார் நகரில் பிப்ரவரி 2ஆம் நாள் பூக்கூடைகளைப் படகில் கொண்டுபோய் அவளுக்குக் கடலில் விடுகிறார்கள். இந்தப் படிப்பு பின்தொடர்வது இத்தகைய தடங்களை. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களும், எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக வந்து தக்காணத்தின் அகமத்நகர் அரசை நடத்திய மாலிக் அம்பரும்கூட இதன் எல்லைக்குள் வருவார்கள்.

நாம் வழக்கமாகப் போடும் சொல் 'புலம்பெயர்ந்தோர்'. பழைய சொல்தான்: புகாரில் கலந்து இனிது உறைந்த வேற்றுநாட்டாரைப் பட்டினப்பாலை 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது. தாமாக வந்தவர்கள் அவர்கள். சங்கிலியில் கட்டி இழுத்துவரப்பட்டவரை அதே சொல்லால் குறித்தால் கொடுமை மறைந்துபோகிறது. 'சிதறடிக்கப்பட்டோர்' என்றாலோ, இன்று நைஜீரியாவின் லாகோஸிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர் அதில் அடங்கமாட்டார்.

இருவருக்கும் பொருந்துவது 'வம்சாவளி'. மலையகத் தமிழரை 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்று இலங்கையில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆகவே மக்களை 'ஆப்பிரிக்க வம்சாவளியினர்' என்றும், படிப்பை 'ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆய்வியல்' என்றும் எழுதுவதே சரி என்பேன்.

ஆப்பிரிக்கரைக் குறித்த 'காப்பிரி' என்ற பழைய சொல்லை மட்டும் எடுக்க வேண்டாம். 'இறைமறுப்பாளர்' என்று பொருள்படும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. தென்னாப்பிரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் கொடிய இனவசை. இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரைப் பற்றி எழுதும்போதும் அவர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.